பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

ஷோனென் ஜம்ப் வார இதழின் தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழில் தொடராக வந்த 'மை ஹீரோ அகாடெமியா' சித்திரக்கதை 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் அதை இப்போதுதான் கையில் எடுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களை நினைத்தே இந்த மடல்.

2020 பிப்ரவரியில் வந்த இதழில் அந்தக் கதையின் கொடூர மருத்துவருக்குப் பெயர் கிடைத்தது: மருதா ஷிகா. வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை, உருண்டை உடம்பு. ஊருக்கு மருத்துவமனைத் தலைவர். உள்ளே மனித உடல்களைச் சிதைத்து அரக்கர்களை உருவாக்குபவர். 'மருதா' என்றால் மரக்கட்டை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சீனாவின் ஹார்பின் அருகே பிங்ஃபாங்கில் ஜப்பானிய ராணுவத்தின் 731-ஆம் பிரிவு, தன்னிடம் சிக்கிய சீனர்களையும் கொரியர்களையும் ரஷ்யர்களையும் அப்படித்தான் அழைத்தது. மயக்க மருந்தில்லாமல் உயிரோடு அறுத்தார்கள். கடுங்குளிரில் கைகளை உறையவைத்து, சதை அழுகுவதைக் குறிப்பெடுத்தார்கள். குறைந்தது 3,000 பேர் செத்தார்கள். பிரிவின் தலைவர் ஷிரோ இஷீ, ஆய்வுக் குறிப்புகளை அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டு, கூண்டில் ஏறாமலே 1959-இல் இறந்துபோனார்.

தொடரை வரைந்த ஹொரிகோஷி சொன்ன விளக்கத்தை நான் நம்புகிறேன். உடம்பு உருண்டை ('மரு') என்பதால் மருதா. இன்னொரு வில்லன் ஷிகராகியின் பெயரிலிருந்து ஷிகா. நம்புவதால்தான் கவலை கூடுகிறது. மனிதர்கள்மேல் சோதனை செய்யும் மருத்துவருக்கு இந்தப் பெயர் பொருந்தி வந்தபோது, வரைமேசையிலிருந்து கடைக்கு வரும்வரை யாருமே தடுக்கவில்லை. சீனாவிலும் கொரியாவிலும் வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டீர்கள். நூலில் பெயர் மாறியது. மன்னிப்பில் குறை காண மாட்டேன். ஆனால் பெயரை மட்டும் எடுத்துவிட்டால், புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் என்ன இருந்தது, ஏன் போனது என்று எப்படித் தெரியும்?

731-ஆம் பிரிவைப் பற்றி வரலாற்றாசிரியர் சபுரோ இயெநாகா தம் பாடநூலில் எழுதியதைக் கல்வி அமைச்சகம் நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றமே 1997-இல் தீர்ப்பளித்தது. 32 ஆண்டு வழக்காடிய மனிதர் அவர். பள்ளிப் புத்தகத்திலிருந்து நீக்கச் சொன்னது தவறு என்று நீதிமன்றம் காத்துக்கொடுத்த வரலாறு, பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் கதைப் புத்தகத்தில் மட்டும் ஏன் சொல்லாமல் விடப்பட வேண்டும்?

இது உங்கள் இதழுக்குப் புதிய வேலையும் இல்லை. ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பிய கெய்ஜி நகஸாவா, தோல் உரிந்து தொங்க நடந்துபோன மனிதர்களை வரைந்த 'ஹதாஷி நோ கென்' 1973-இல் உங்கள் இதழில்தான் தொடங்கியது. ஜப்பானியக் குழந்தைகளுக்கு நேர்ந்ததைக் கண் கூசாமல் அச்சிட்ட இதழ், ஜப்பானிய ராணுவம் பிறருக்குச் செய்ததையும் அச்சிடலாம்.

கொடிய மருத்துவர்களைப் படைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் படையுங்கள். நிஜக் கொடுமையின் சாயல் விழும் பாத்திரங்களை மட்டும், அச்சுக்குப் போகுமுன் அந்த வரலாறு தெரிந்த ஒருவர் படிக்கட்டும். அந்த மருத்துவருக்குப் பெயர் வந்த அத்தியாயம் உள்ள தொகுதியின் வருங்காலப் பதிப்புகளில், எல்லா மொழிகளிலும், பிங்ஃபாங்கில் நடந்ததையும் பெயர் மாறிய காரணத்தையும் ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். அடுத்த மறுபதிப்பிலேயே இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்