கிருஷ்ணன் என்னும் மூவர்

சென்ற நூற்றாண்டில் தமிழகத்தில் கிருஷ்ணன் என்னும் பெயரோடு கீர்த்தி பெற்ற பலருள், ஹாஸ்யத்தில் ஒருவரும், டென்னிஸ் ஆட்டத்தில் ஒருவரும், பௌதிக சாஸ்திரத்தில் ஒருவருமாக மூவர் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஆயினும் அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் ஜனங்களின் நினைவில் எழுபவர் முதல் இருவரே என்பதும், மூன்றாமவர் விஞ்ஞானம் பயின்றோரின் சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டார் என்பதும் எனக்கு நீங்காத மனக்குறை.

நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணனைப் பற்றித் தமிழருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பயின்று சினிமாவுக்கு வந்து, டி.ஏ. மதுரத்தோடு இணைந்து, ஒருவர் மனத்தையும் புண்படுத்தாமல் மூடப் பழக்கங்களைச் சாடிய அந்தக் கலைவாணர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைவாசம் அனுபவித்து 1947-இல் விடுதலையாகி வந்த பின்னும் மக்களின் அன்பை இழக்கவில்லை. அதே நாகர்கோவிலில் 1937-இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனோ, தந்தையாரிடமே ஆட்டம் கற்று, 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, பின்னர் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே ஆடவர் அரையிறுதி வரை முன்னேறினார்.

மூன்றாமவரான கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துக் கல்கத்தா சென்று விஞ்ஞானி சி.வி. ராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த அவர், 1928 பிப்ரவரியில், சூரிய ஒளியை வடிகட்டித் தூய திரவங்களினூடே செலுத்தி, அதிலிருந்து சிதறி வரும் மிக மங்கிய ஒளியில் வேறு நிறம் கலந்திருப்பதைக் கண் நோகக் கவனித்துப் பதிந்துகொண்டே வந்தார். அந்த நிற மாற்றமே பின்னாளில் ‘ராமன் விளைவு’ என்று பெயர் பெற்றது. அறுபது திரவங்கள் வரையில் சோதித்த செய்தியைத் தாங்கி அவ்வாண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முதற் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் உள்ளன. இதனால் ராமனுடைய பெருமை அணுவளவும் குன்றாது. வழி வகுத்தவரும், ஒளிச் சிதறல் பற்றிய வினாவைப் பல்லாண்டு துரத்தியவரும் அவரே. ஆயினும் குருவின் புகழொளியில் சிஷ்யரின் உழைப்பை மறைய விடுவது நியாயமாகாது.

மேலும் கிருஷ்ணனின் மேதை அந்த ஒரு கண்டுபிடிப்போடு முடிந்ததன்று. பின்னர் டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகையில் அவர் பளிங்குகளை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அவற்றின் காந்த குணம் திசைக்குத் திசை மாறுபடுவதை அளந்த முறை, நுட்பத்துக்கும் எளிமைக்கும் ஓர் உதாரணம். 1940-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது, சுதந்திரம் பெற்ற 1947-இல் புது டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநரானார், 1961-இல் காலமானார்.

ராமன் விளைவின் கண்டுபிடிப்பை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதியைத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடும் நம் பள்ளிக்கூடங்களின் ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: ராமன் பெயரைச் சொல்லும் அதே வகுப்பில் வத்திராயிருப்புக் கிருஷ்ணனின் பெயரையும், அவர் செய்த பணி இன்னதென்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.