வாள்மீன் கதையின் முடிவு

புக்கிட் மேரா என்றால் மலாய் மொழியில் செங்குன்று. பேருந்துப் பலகையில் நாள்தோறும் அப்பெயரைப் படிக்கும் நம் மாணவர்க்கு, அதன் கதையைத் திகில் குன்றாமல் சொல்லித் தரல் வேண்டும்.

'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் நூலில் உள்ள கதை அது. கடலிலிருந்து பாயும் வாள்மீன்கள் மக்களைக் குத்திக் கொல்கின்றன. மன்னனோ மக்களின் கால்களையே அரணாக நிறுத்துகிறான். வாழைத்தண்டுகளை நடலாமே என்கிறான் ஒரு சிறுவன். மீன்களின் கூர்மூக்குகள் தண்டில் சிக்குகின்றன, ஊர் பிழைக்கிறது.

ஆசிரியர் இங்கே நிறுத்தி, மன்னன் என்ன பரிசளிப்பான் என்று கேட்கட்டும். பொன், பதவி என வகுப்பே ஆரவாரிக்கும். பிறகு, இவன் வளர்ந்தால் ஆபத்து என்று அமைச்சர்கள் மன்னன் காதில் ஓதியதைத் தாழ்ந்த குரலில் சொல்லட்டும். சிறுவன் கொல்லப்படுகிறான், அவன் குருதியால் குன்று சிவந்தது என்பது மக்கள் வழக்கு.

பிஞ்சு உள்ளம் தாங்காது என்று சிலர் சிறுவனைத் தப்பவிட்டுக் கதையை முடிக்கின்றனர். நான் அதனை ஏற்கவில்லை. அறிவைக் காட்டினால் ஆபத்து என்று நம் பிள்ளைகள் வாய்மூடிவிடுவரோ எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும், "அவன் என்ன தவறு செய்தான்?" என்னும் கேள்வி மாணவரிடமிருந்தே எழுதல் வேண்டும். முடிவை மாற்றினால் அக்கேள்வி எழாது. குன்று சிவந்ததற்கும் காரணம் இராது.