பரிசலில் ஒரு பங்கு

2019 கோடையில் ஒகேனக்கல் போயிருந்தோம். எண்ணெய்க் குளியல் முடித்து, மைத்துனனோடு பரிசலில் போகும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, அக்கா சீட்டு எடுத்த பணம் ஐம்பதாயிரம் என்கிட்டதான் இருக்கு. எச்.சி.எல். பங்கு சல்லிசா கிடைக்குது..."

(வீட்டில் பி.காம். ஒருத்தன் இருக்க, பணம் இவனிடம்!)

"ஆயிரத்துச் சொச்சம் விக்குதே, அது எப்படிடா சல்லிசு? நீ பார்த்தது டெக்னாலஜிஸா, இன்ஃபோசிஸ்டம்ஸா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அங்கேதான் வம்பு. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரரான ஷிவ் நாடாரும் சகாக்களும் 1976-ல் தொடங்கிய குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள் அவை. சாஃப்ட்வேர் பிள்ளை ஓகோவென்று ஆகிவிட்டான். கம்ப்யூட்டர் செய்த பிள்ளைதான் இன்ஃபோசிஸ்டம்ஸ். ஒரு காலத்தில் அவன் 'பீன்ஸ்டாக்' வந்திறங்கினால் அக்கம்பக்கமே எட்டிப் பார்க்கும். பிறகு லேப்டாப் வாங்கப் போனவர்கள் டெல், லெனோவா என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலீட்டாளர்கள் கணக்கைப் புரட்டினால், வியாபாரத்தில் பெரும்பகுதி நோக்கியா செல்போனை வாங்கி விற்றது! நோக்கியா படுத்தது. 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பையே நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2010-ல் நூறு ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, எதிரே விழுந்த அருவியோடு போட்டி போட்டது.

மைத்துனன் பரிசல் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"பாதிப் பணத்துக்கு நேத்தே வாங்கிட்டேன் மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

இதுவரை சொல்லவில்லை. நல்லவேளை, நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை.