கலர் அப்புறம், பலகை முதல்ல

வீட்டுல கிச்சன் வேலை ஆரம்பிச்சா எல்லாரும் சண்டை போடறது கலருக்குத்தான். வால்நட்டா, ரோஸ்வுட்டா? கேட்லாக்கை விரிச்சு வச்சு சித்தப்பா வரைக்கும் ஓட்டுப் போடுவாங்க. அந்தக் கலருக்கு அடியில என்ன பலகைன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அப்பாவோட பி.எஃப். பணத்துல செய்யற வேலை, தினமும் அதைத் திறந்து மூடப் போறது அம்மா. அதனால இதை நாமதான் கேட்கணும்னு நினைக்கிறேன்.

எம்.டி.எஃப். மோசமான பொருள் இல்ல. மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சேர்த்து அழுத்திச் செய்யறது. மேற்பரப்பு ரொம்ப சமமா இருக்கும், பெயிண்ட் அழகா உட்காரும். டிவி யூனிட்டுக்குத் தாராளமா போடலாம். ஆனா அந்தப் பசைக்குத் தண்ணி ஆகாது. சிங்குக்குக் கீழ இருக்கிற ஷட்டரோட விளிம்புல ஈரம் ஏறினா டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி ஊதிடும். காய்ஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

அந்த இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்தான் சரி. அதுல ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. 72 மணி நேரம் தண்ணியில கொதிக்க வச்சு ஒட்டு தாங்குதான்னு சோதிப்பாங்க. முதல் வருஷம் தெர்மோசெட் பத்தி ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதேதான்!

"விலை அதிகம் ப்ரோ"ன்னு சொல்வீங்க. உண்மைதான். அதுக்காக கிச்சன் முழுக்க 710 போட வேண்டாம். சிங்க் பக்கம் மட்டும் போட்டுட்டு மேல இருக்கிற லாஃப்ட்டுக்கு விலை குறைஞ்ச பலகை போடுங்க. எங்க வீட்டுக்கு விசாரிச்ச ஒரு கடையில, ரெண்டு விதப் பலகை கலந்தா லுக் போயிடும்னாங்க. வெளியில ஒரே மைக்கா ஒட்டினா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

மைக்கான்னதும் இன்னொண்ணு. ஷட்டரோட முன்பக்கம் மட்டும் ஒட்டி, பின்பக்கத்தை அப்படியே விட்டா பலகை வளையும். பைமெட்டாலிக் ஸ்ட்ரிப் ஞாபகம் இருக்கா? அங்க சூடு, இங்க ஈரப்பதம். ரெண்டு பக்கமும் ஒட்டச் சொல்லுங்க, நாலு விளிம்புலயும் எட்ஜ் பேண்டிங் கேளுங்க. கீழ் விளிம்பு கண்ணுக்குத் தெரியாதுன்னு விட்டுடுவாங்க. தண்ணி முதல்ல நுழையறதே அங்கதான்.

இனி ஸ்டெயின். அது நிஜ மரத்துக்கும் வெனீருக்கும்தான். மரத்தோட துளைகள்ல இறங்கி ரேகையை எடுத்துக்காட்டும். எம்.டி.எஃப்.ல எடுத்துக்காட்ட ரேகையே கிடையாது. ஒரே டப்பா ஸ்டெயின் தேக்குல ஒரு மாதிரி, வெளிறின ரப்பர் மரத்துல வேற மாதிரி தெரியும். அதனால ஷேட் கார்டை நம்பாம, உங்க பலகையிலயே வெட்டி மிஞ்சின துண்டுல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. மேல் கோட்டும் போட்டுத்தான் பார்க்கணும், அது கலரை இன்னும் அழுத்தமாக்கும். ஸ்டெயின் வெறும் கலர்தான், தண்ணியைத் தடுக்கறது மேல் கோட்டோட வேலை. கிச்சனுக்கு மெலமைனை விட பி.யு. பாலிஷ் நல்லா தாங்கும். (நல்ல தேக்கு மேல ரோஸ்வுட் கலர் அடிக்கறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். அது என் பிரச்சினை.)

ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைல ஒரு துண்டுப் பலகை கேட்டு வாங்குங்க. ஸ்கேலால தடிமனை அளந்துட்டு ராத்திரி பக்கெட் தண்ணியில போடுங்க. காலைல எடுத்து திரும்ப அளங்க. துண்டு தர மாட்டேன்னு சொல்ற கடைன்னா, அடுத்த கடைக்குப் போங்க.