ஹஜ்: கூடாரம் யார் பொறுப்பு?

புது தில்லி: ஹஜ் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கின்றனர், இஹ்ராம், தவாஃப் முறைகளைப் பயிற்சி முகாம்களில் கற்கின்றனர். மினாவில் கூடாரம் பெறுவது மட்டும் அவர்கள் கையில் இல்லை.

2025-ல் இந்தியாவுக்கு 1,75,025 இடங்கள் கிடைத்தன. ஹஜ் கமிட்டி வழியாகச் செல்ல இருந்த 1,22,518 பேருக்குச் சிக்கல் இல்லை. தனியார் நிறுவனங்களுக்குரிய 52,507 இடங்களில் சுமார் 42 ஆயிரம் பறிபோயின. சவுதி அரசு விதித்த கெடுவுக்குள் ஒப்பந்தங்கள் முடியவில்லை என்பதே காரணம். தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசு மீட்டுக்கொடுத்தது 10 ஆயிரம் இடங்களை மட்டுமே.

பழியை நிறுவனங்கள் மீது போட்டுவிட்டு சிறுபான்மையினர் நல அமைச்சகம் ஒதுங்க முடியாது. அந்நிறுவனங்களுக்கு இடங்களைப் பிரித்துக் கொடுப்பதே அமைச்சகம்தான். மானியம் 2018-லேயே நின்றுவிட்டது. முழுப் பணமும் பயணியுடையது. கூடாரத்துக்கு அப்பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை ரம்ஜானுக்கு முன்பே பயணி அறிய, நிறுவனவாரியாக அமைச்சகம் பட்டியல் வெளியிட வேண்டும்.