அத்திமரத்தடியிலிருந்து கன்சாஸ் வரை



போன மாதம் தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் புறப்பட்ட பிறகும் ஒரு அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு வழங்கும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்படி பாடசாலையில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஆசை. தாய்க்கு மனமில்லை.

“ஒருத்தனை 2009இலை துலைச்சுப்போட்டு இருக்கிறன். இவளையும் கண்காணாத இடத்துக்கு அனுப்பிப்போட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது ரீச்சர்?” என்று கேட்டார்.

‘அனுப்புங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய்க்குத் துணிவைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எனக்குத் தெரிந்த இன்னொரு தாயின் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன். அதையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஆபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில், நியேரி என்ற மலைப்பிரதேசத்தில் இஹிதே என்றொரு கிராமம். அங்கே வஞ்சிரு என்ற பெண் தோட்டம் செய்து பிள்ளைகளை வளர்த்தார். கணவருக்குத் தூரத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில் வேலை. 1940இல் பிறந்த மகள் வங்காரிதான் வீட்டு வேலைகளில் தாய்க்கு வலது கை. ஒருநாள் மூத்த மகன் கேட்டான்: நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் போகிறோம், தங்கச்சி மட்டும் ஏன் போவதில்லை? போகாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லையே என்றார் தாய். பெண்பிள்ளையைப் படிக்க விடுவது அங்கே வழமையாக இல்லாத காலம் அது. மகள் பள்ளிக்கூடம் போனால் விறகுக்கும் தண்ணீருக்கும் தாய்தான் கூடுதலாக அலையவேண்டும். அந்தக் கணக்கைப் பாராமல் சொன்ன பதில் அது.

1952இல் கென்யாவை ஆண்ட பிரித்தானியர் மௌ மௌ கிளர்ச்சியை அடக்குவதற்கு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார்கள். கிக்குயு இன மக்களை வீடுவாசலிலிருந்து எழுப்பிக் காவல் போட்ட கிராமங்களில் குடியேற்றினார்கள். வஞ்சிருவும் அப்படியொரு கிராமத்துக்குப் போகவேண்டி வந்தது. அது எப்படிப்பட்ட சீவியம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மகள் அப்போது கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பாடசாலையில் இருந்தாள். அவளுடைய படிப்பு நிற்கவில்லை.

1960ஆம் ஆண்டு கென்ய அரசியல் தலைவர் ரொம் எம்போயாவின் முயற்சியாலும் அமெரிக்காவின் கெனடி குடும்பத்து அறக்கட்டளையின் பண உதவியாலும் ஏறத்தாழ 300 மாணவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இருபது வயது வங்காரியும் அவர்களில் ஒருவர். கன்சாஸ் மாநிலத்தில் அச்சிசன் என்ற சிறு பட்டணத்திலிருந்த கன்னியாஸ்திரிகளின் கல்லூரியில் உயிரியல் படிக்க இடம் கிடைத்தது. நியூயோர்க்கிலிருந்து பஸ்ஸில் போகும் வழியில் ஒரு கடையில் கறுப்பர்கள் உள்ளே அமர்ந்து குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். படிக்கப் போன நாட்டில் கிடைத்த முதற் பாடங்களில் அதுவும் ஒன்று. அதே நாட்டில் அந்தக் கல்லூரியின் சகோதரிகள் அவரைத் தங்கள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாட்டை முழுக்க நல்லதென்றோ முழுக்கக் கூடாதென்றோ சொல்லிவிட முடியாது என்பது வெளியில் போய் இருந்தால்தான் விளங்கும்.

1963 டிசம்பர் 12இல் கென்யா சுதந்திரம் பெற்றபோது அவர் அங்கில்லை. 1964இல் பட்டம் பெற்றார். பிறகு பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பு. தொழிற்சாலைப் புகையால் கறுத்துப்போன அந்த நகரத்தின் காற்றைத் துப்புரவாக்க அங்குள்ளவர்கள் பாடுபட்டதை அவர் கண்டார். கெட்டுப்போன சூழலைத் திரும்பவும் சரிசெய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது அங்கேதான்.

1966இல் நாடு திரும்பியவர் முதலில் செய்தது தன் பெயரைத் திரும்ப எடுத்ததுதான். பாடசாலையில் அவருக்கு மேரி ஜோசபின் என்று பெயர் இருந்தது. இனி நான் வங்காரி மூட்டா என்றார். அமெரிக்கா போன பிள்ளை அமெரிக்கப் பெயரோடு வரும் என்று ஊர் நினைத்திருக்கும்!

கையில் நியமனக் கடிதத்தோடு வந்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் அந்த வேலை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பெண் என்பதும் இன்ன இனத்தவர் என்பதுமே காரணம் என அவர் நம்பினார். வேறொரு பேராசிரியரிடம் வேலை தேடிக்கொண்டு, ஜேர்மனியிலும் சிறிது காலம் படித்து, 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்கு ஆபிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதற் பெண் அவர்.

நான் அந்த அக்காவுக்கு ஆறுதலாகச் சொன்னது இனி வரும் பகுதியைத்தான். வங்காரியின் வீட்டருகே ஒரு பெரிய அத்திமரம் நின்றது. அதன் பக்கத்தில் ஓர் ஊற்று. அந்த மரத்தில் விறகு பொறுக்காதே, அது கடவுளின் மரம் என்று தாய் சிறுவயதில் சொல்லிவைத்திருந்தார். எங்கள் ஊர்களிலும் ஆலுக்கும் அரசுக்கும் இப்படிச் சொல்வார்கள்தானே. பின்னாளில் வங்காரி போய்ப் பார்த்தபோது மரம் தறிக்கப்பட்டிருந்தது. ஊற்றும் வற்றிவிட்டது. ஆழமாக ஓடும் அத்தி வேர்தான் நிலத்தடி நீர் மேலே வர வழி திறக்கிறது என்பது உயிரியல் படித்த மகளுக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்துப் படிப்பில்லாத தாய் சொன்னதன் பெறுமதி, கடல் தாண்டிப் படித்துவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

விறகும் தண்ணீரும் இல்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னபோது, அப்படியென்றால் மரம் நடுவோம் என்றார். 1977 ஜூன் 5இல் நைரோபியில் ஏழு மரக்கன்றுகளோடு பசுமைப் பட்டி இயக்கம் தொடங்கியது. படித்த வன அதிகாரிகள்தான் கன்று வளர்க்க முடியும் என்றவர்களிடம், சோளமும் அவரையும் போடும் பெண்களுக்கு விதையைப் பற்றித் தெரியாதா என்று கேட்டார். பிழைத்து வளர்ந்த ஒவ்வொரு கன்றுக்கும் பெண்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. 2004இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது மூன்று கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டிருந்தன. ஆபிரிக்கப் பெண்ணொருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதற் தடவை.

படிப்பு அவருக்குச் சுகத்தைக் கொடுத்தது என்று நான் எழுதமாட்டேன். 1979இல் மணவாழ்க்கை முறிந்தது. நீதிமன்றத் தீர்ப்பை விமர்சித்ததற்காகச் சிறைக்கும் போனார். 1982இல் தேர்தலில் நிற்பதற்காக வேலையை விட்டவர், வேலையையும் இழந்து பல்கலைக்கழகம் தந்த வீட்டையும் இழந்தார். 2011இல் புற்றுநோயால் காலமானார்.

அக்கா கதையைக் கேட்டுவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தார். “அந்தத் தாய் அஞ்சு வரியத்துக்கு மேலை மகளைக் காணாமல் இருந்திருக்கிறாவே” என்றார். ஓம் என்றேன். இப்போது கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று நான் சொன்னது அவருடைய காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த கிழமை வந்தபோது அவருடைய பையில் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தது. “போறதோ விடுறதோ பிறகு பாப்பம். இதை இங்கிலீசிலை மாத்தவேணுமாம். ஆரிட்டைக் குடுக்கிறது?” என்று கேட்டார். கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். புதன்கிழமை இரண்டு பேருமாகப் போனோம்.