ஆதுலசாலைக்கு அருகில் ஒரு மடம்

அறம் முப்பத்திரண்டு என்று நிகண்டு நூலார் வகுத்துச் சொல்வர். இளமையில் அவற்றை மனனம் பண்ணிய காலத்தில், ஆதுலர்க்குச் சாலை ஒன்று, நோய்க்கு மருந்து மற்றொன்று, மடம் வேறொன்று என்று விரல் மடித்து எண்ணினோமேயன்றி, இவை ஏன் வெவ்வேறாக எண்ணப்பட்டன என்று கேட்டோமல்லோம். மருந்து கொடுப்பதே அறமாயின் மற்றவை அதனுள் அடங்கிவிடமாட்டாவோ? அடங்கமாட்டா என்பது எனக்கு ஐம்பது வயது கடந்த பின்னரே விளங்கிற்று. விளக்கியவர் பண்டிதர் எவருமல்லர். எங்களூர் வயற்காரர் ஒருவர்.

அவருடைய ஆறு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டார்கள். தம்பலகாமத்திலிருந்து தலைநகர்ப் பக்கம் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒவ்வோர் ஊராய்க் கடந்து, காய்ச்சலோடு மடியிற் கிடக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாய்க்குப் பிள்ளையின் கட்டிலருகே இடம் கிடைத்தது. தகப்பனுக்கு இடம் ஏது? விடைத்தாள் திருத்தும் பணிக்காக அந்நாளில் நான் அங்கே போயிருந்தேன். ஒரு விடியற்காலையில் பஸ் தரிப்பிடத்து வாங்கொன்றில் அவரைக் கண்டேன். தலைக்கு ஓர் உரப்பை. அதற்குள்ளே மாற்றுச் சாரம் ஒன்றும் பிள்ளையின் மருந்துத் துண்டுகளும் இருந்தன. பதினெட்டு நாளாக அங்கேதான் படுக்கை என்றார்.

"மருந்துக்கு ஒரு சதமும் எடுக்கயில்ல ஐயா. இருக்கிறதுக்குத்தான் இடமில்ல" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் உரை எழுதப் புகுந்தால் ஒரு புத்தகம் ஆகும். இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச வைத்தியம் உண்டு. அதை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால், அந்த இலவசம் வைத்தியசாலையின் படலையோடு முடிந்துவிடுகிறது. படலைக்கு வெளியே அறை வாடகை உண்டு. சோற்றுப் பார்சல் உண்டு. குளிக்கக் காசு, போக்குவரத்துக்குக் காசு. ஊரிலே பார்ப்பாரின்றி நிற்கும் மற்றப் பிள்ளைகள் இருவர். நீர் பாய்ச்சுவாரின்றிக் கிடக்கும் இரண்டேக்கர் வயல். இரண்டாம் மாதத்தில் அவர் எருமை இரண்டை விற்றார். மூன்றாம் மாதத்தில், "பிள்ளைக்கு இப்ப சுகம்தானே, கூட்டிக்கொண்டு வருவமோ?" என்று தொலைபேசியிற் கேட்டார்.

இந்தக் கேள்வியிலேதான் பிள்ளையின் உயிர் தொங்குகின்றது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களுட் பெரும்பாலான வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுவரை நீளும். முதற் சில மாதங்கள் கடுமையானவை. மருந்து நோயை அடக்குகையில் உடம்பின் காவலையும் உடன் அடக்கிவிடும். அவ்வேளையில் ஒரு சிறு காய்ச்சல் கண்டாலும் சில மணி நேரத்துக்குள் வைத்தியசாலையை அடைய வேண்டும். பிள்ளை எழுந்து விளையாடுவதைக் கண்டு சுகமாயிற்று என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஒளிந்திருந்த நோய் திரும்பவும் தலையெடுக்கும். செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதின் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மரும் பிழைப்பதில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் அறுபதின்மரேனும் பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது. இவ்வேற்றத்தாழ்வுக்கு வைத்தியர் சொல்லும் காரணங்களிலே, தொடங்கிய சிகிச்சையை இடையிற் கைவிடுதலும் ஒன்று. மருந்து இல்லாமற் கைவிடுவாரும் உளர். தங்க இடமில்லாமற் கைவிடுவாரும் உளர். பின்னவர்க்கு மடமே மருந்து.

ஆதுலர் என்ற சொல்லை வறியவர் என்று பொருள்கொண்டு கடந்துவிடுகிறோம். ஆதுரர் என்னும் வடசொல்லின் திரிபு அது. பிணியுற்றார் என்பது அதன் பொருள். செங்கற்பட்டுப் பக்கத்துத் திருமுக்கூடற் கோயிலிலே, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து நோயாளர் கிடக்கும் ஆதுலசாலை ஒன்றை அது பேசுகின்றது. வைத்தியனுக்கு இவ்வளவு நெல், அறுவை செய்வோனுக்கு இவ்வளவு, மூலிகை கொணர்வார்க்கும் நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் இவ்வளவு, கிடப்பார்க்கு நாளொன்றுக்கு இவ்வளவு அரிசி என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இரவில் விளக்கெரிய எண்ணெயும் அக்கணக்கில் உண்டு. கட்டடம் கட்டியதைப் பாடுவதோடு நின்றுவிடாமல், விளக்கெண்ணெய்க்கு வழி பண்ணினார்கள் என்பதே நான் அதிற் காணும் பெருமை.

மேல்நாட்டாரும் இதனைப் பட்டே அறிந்தார்கள். அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்தில் பிரெட் ஹில் என்னும் காற்பந்தாட்ட வீரர் ஒருவரின் மகளுக்கு இதே நோய் வந்தது. பேர்பெற்ற ஆட்டக்காரராயினும் அவரும் மனைவியும் வைத்தியசாலை வாங்கில்களிலே இரவு கழித்தார்கள். அவர் குழுவினரும், ஓட்ரி எவன்ஸ் என்னும் குழந்தை வைத்திய அம்மையாரும், மக்டொனால்ட்ஸ் உணவுக் கடைக்காரரும் கூடி, 1974இல் நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்கள் தங்க ஒரு வீடு திறந்தார்கள். அதற்கு முதற்பணம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? பச்சை நிறப் பாற்பானம் ஒன்றை விற்ற காசிலிருந்து! இன்று அந்த வீடுகள் பல நாடுகளிலே பரந்துள்ளன. பிள்ளையின் துயரத்தோடு கடையின் பெயரையும் சேர்த்து வாசலில் எழுதி வைப்பது எனக்கு முழுவதும் உடன்பாடன்று. எனினும் வாங்கிலே படுத்தவனுக்குப் பெயர்ப்பலகையா பெரிது? பாய் பெரிது.

நமக்கு இன்னும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பம்பாயில் டாட்டா நினைவு வைத்தியசாலையை அடுத்த நடைபாதைகளிலே, புற்றுநோய்ப் பிள்ளைகளோடு குடும்பங்கள் கிடந்ததைக் கண்டு பொறாத கவிரத்தின தம்பதியர், 2006இல் புனித யூதாவின் பெயரால் ஓர் இல்லம் தொடங்கினர். குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லார்க்கும் பொதுவாய் ஒரு சமையற்கூடம். தாயே தன் பிள்ளைக்குத் தன் கைப்பாகத்திற் சமைக்கலாம். சமையற்கூடத்தை நினைத்தார்களே, அங்கேதான் அவர்கள் தாய்மாரின் மனம் அறிந்தவர்கள் என்று தெரிகிறது. ஊசி ஏற்றி வாய் கசந்து கிடக்கும் பிள்ளை கடைச்சோற்றை உண்ணுமா?

நம் நாட்டிலும் விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. மகரகமவில் அபேக்ஷா வைத்தியசாலைக்கு அண்மையில், முன்னாட் சபாநாயகர் கரு ஜயசூரியவின் மகள் இந்திராவின் நினைவாக எழுந்த அறநிதியத்தார், பொதுமக்கள் கொடுத்த பணத்தால் "சுவ அரண" என்னும் இல்லத்தை இப்பத்தாண்டின் தொடக்கத்திலே அமைத்தனர். தூரத்து ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அங்கே காசின்றித் தங்குகிறார்கள். எங்களூர் வயற்காரருக்கு அப்படி ஓரிடம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

பணம் சேர்ப்பதில் நம்மவர் சோம்பரல்லர். 2011 ஜூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். தெற்கத்தியார் வடக்கத்தியாருக்காக நடந்த நடை அது. கோடை வெயிலில் நடந்தது. 2016இல், தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தகப்பனாரான மொகமட் என்பவர் முன்னின்று, மகரகம வைத்தியசாலைக்கு நோய் காணும் கருவி ஒன்று வாங்கவென 20 கோடி ரூபாய் கேட்டார். கேட்டதற்கு மேலாகவே மக்கள் கொடுத்தார்கள். சிறுவர் உண்டியல் உடைத்தார்கள். இன மத வேற்றுமை அங்கே எவர் கண்ணிலும் படவில்லை.

ஆனால் ஒன்று. கருவிக்கும் கட்டடத்துக்கும் கைதிறக்கும் நாம், மின்கட்டணத்துக்கும் துவைத்த விரிப்புக்கும் சமையல்வாயுவுக்கும் திறப்பதில்லை. அடிக்கல் நாட்டினால் படம் பிடிக்கலாம். அரிசிப் பானையைப் படம் பிடிப்பார் யார்? இன்னொரு கொடுமையும் உண்டு. தலைமயிர் உதிர்ந்த பிள்ளையை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கொடையாளர் நின்று சிரித்துப் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்புகிறார்கள். அந்தப் பிள்ளை பிழைத்துப் பள்ளிக்கூடம் வரும், நான் கண்டிருக்கிறேன். வகுப்பிலே அந்தப் படத்தை எவனாவது எடுத்துக் காட்டுவான். கொடுத்த பணத்துக்கு அவ்வளவு வட்டி வாங்கலாமோ?

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னே ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரம் வகுத்தார். கேட்டார்க்குக் கொடுப்பது ஈகை. ஊரவனாய் இருத்தலினாலேயே செய்யக் கடவது ஒப்புரவு. அதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊருணி. ஊருணியிலே நீர் மொள்பவன் எவனுக்கும் கைகூப்ப வேண்டுவதில்லை. நோயுற்ற பிள்ளையின் தகப்பனுக்கு நாம் செய்ய வேண்டியது இந்த ஒப்புரவே. அவன் எருமையை விற்ற பின்பு இரக்கப்பட்டுக் கையில் வைக்கும் நோட்டு ஈகையாகலாம். அது காலங்கடந்த ஈகை.

எங்கள் ஊருக்கு இது புதிய பாடமன்று. 1624இல் போர்த்துக்கேயர் திருக்கோணமலைக் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியபோது, காப்பாற்றிய திருவுருவங்களைத் தம்பலகாமத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. ஆதிகோணநாயகர் கோயில் அவ்வாறு எழுந்தது. வீடிழந்த கடவுளுக்கே தங்க இடம் கொடுத்த ஊர் இது. அதற்கு முன்னரே, குளக்கோட்டன் குடிகளை இருத்தி, இன்ன குடிக்கு இன்ன தொண்டு, இன்ன வயலுக்கு இன்ன அளவு என்று நியமித்த முறையைக் கோணேசர் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. அப்பொழுதைக்கப்பொழுது உண்டியல் குலுக்கி நடத்திய கோயிலன்று அது. அறுவடைதோறும் அளந்த நெல்லால் நடந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். புதிதாக ஒரு கட்டடமும் நாம் எழுப்ப வேண்டா. நமது பெயரைப் பொறிக்கக் கல்லும் வேண்டா. இருக்கின்ற இல்லத்தில் ஓர் அறையின் ஆண்டுச் செலவைத் தம்பலகாமம் பொறுப்பேற்க வேண்டும். நம்மூர்ப் பிள்ளை அங்கே இல்லாத நாளில் வேறூர்ப் பிள்ளை தங்கட்டும். "நம் நெல்லை மகரகமவுக்கோ அனுப்புவது?" என்று கேட்பாரும் இருப்பர், கேட்டும் விட்டார்கள். நம் பிள்ளை மகரகமவுக்கல்லவோ போகின்றது!

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏக்கருக்கு 1,800 கிலோ அளவில் விளையும் வயலில் 5 கிலோ எடுத்து வைத்தால், அது முந்நூற்றறுபதில் ஒரு பங்கு. சூடடித்த காலத்தில் பொலி தூற்றுகையில் குருவி தின்றதே அதனிலும் கூடுதலாயிருக்கும். ஆயிரம் ஏக்கர்க்காரர் இசைந்தால் ஒரு போகத்துக்கு 5,000 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல்லுக்குக் குறித்த விலை கிலோவுக்கு 120 ரூபாய். அது வயற்காரனுக்குப் போதாது என்பது வேறு வழக்கு. அவ்விலைப்படி பார்த்தாலும் ஆறு இலட்சம் ரூபாய். நெல் கோயிலடியிலும் பள்ளிவாசலடியிலும் விகாரையடியிலும் சேரலாம். தம்பலகாமத்தில் மூன்றும் உண்டு, மூவர் பிள்ளைகளுக்கும் நோய் வருகின்றது. கணக்கைப் போகந்தோறும் கமக்காரர் அமைப்பின் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டாத போகத்தில் எவரும் கொடுக்க வேண்டா.

நெல் மாத்திரம் போதாது. எங்களூர்த் தாய்மார் பலர்க்குச் சிங்களம் வராது. தாதியர் நல்லவராயினும், சொன்னது விளங்காமல் தலையாட்டிவிட்டு, மருந்தின் வேளை தவறவிட்ட தாயை நான் அறிவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் நம்மிடையே எத்தனை பேர்! இருமொழியும் அறிந்தவர் முறைவைத்து மாதம் ஒருவர் அங்கே போயிருந்து, தாய்மாருக்கு மொழிபெயர்த்தும், கட்டிலிற் கிடக்கும் பிள்ளைகளுக்கு விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுத்தும் வந்தால் என்ன? எனக்கு ஓய்வுபெற இன்னும் சில ஆண்டு உண்டு. அதுவரை மார்கழி விடுமுறை இருக்கின்றது.

வயற்காரர் மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு, வரவேண்டா என்று நாங்கள் சிலர் விடை சொல்லி, கையிலிருந்ததைத் திரட்டி ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். இன்று அவள் நாலாம் வகுப்பில் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கொரு முறை தலைநகருக்குப் போய்க் காட்டி வருகிறார்கள். எழுத்து மாத்திரம் கோணல்.

வருகிற மாரிப்போகத்துப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் இந்த ஐந்து கிலோப் பேச்சை முன்மொழிய அவள் தகப்பனார் இசைந்திருக்கிறார். கூட்டத்தில் எழுந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. வழிமொழிய நான் போகிறேன்.